மாட்டுக்கும் ஆட்டுக்கும் இருப்பிடம் காட்டும் கருவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்நடைகளின் கழுத்திலோ காதிலோ கம்பியில்லாக் கருவி மாட்டி, அவை எங்கே இருக்கின்றன என்று போனில் பார்ப்பதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே வரும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். முதலில் அடிப்படை, போகப் போகச் சிக்கல்.

ஜி.பி.எஸ். பட்டை மாட்டினால் செயற்கைக்கோள் என் மாட்டைப் பார்த்துக்கொண்டே இருக்குமா?

பார்க்காது. உங்கள் மாடு ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்தக் கோள்கள், தங்கள் நேரத்தையும் தாங்கள் இருக்கும் இடத்தையும் இடைவிடாமல் அறிவித்துக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். பட்டையில் உள்ள கருவி குறைந்தது 4 கோள்களின் அறிவிப்பைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத் தன் இடத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. இடத்துக்கு 3 போதாதா என்றால், கருவியின் மலிவான கடிகாரம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்பதையும் சேர்த்துக் கண்டுபிடிக்க நான்காவது வேண்டும்.

இதுவரை நடந்தது கருவிக்கு மட்டும் தெரிந்த சங்கதி. அதை உங்களுக்குச் சொல்ல இன்னொரு ரேடியோ வேண்டும். இடத்தை அறிவது ஒரு வேலை, அதைச் சொல்வது வேறு வேலை. கீழே வரும் தொல்லைகளில் பாதி, இரண்டாவது வேலையில்தான்.

காதில்தான் ஏற்கெனவே சிப் வைத்த வில்லை இருக்கிறதே, அதை வைத்துத் தேட முடியாதா?

முடியாது. அடையாளத்துக்குப் போடும் மின்னணுக் காதுவில்லையில் பேட்டரியே கிடையாது. படிக்கும் கருவியை அருகே கொண்டுபோனால், அது வீசும் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு தன் 15 இலக்க எண்ணைச் சொல்லும். அதிகம் போனால் ஒரு மீட்டர் தூரம். தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்தும் சிப்பும் இதே சாதிதான். 'இது யார்' என்பதற்குப் பதில் சொல்லும். 'எங்கே' என்பதற்குச் சொல்லாது.

ஆனாலும் அதை ஒதுக்கிவிட வேண்டாம். தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் ஒடுக்கமான வழியில் படிக்கும் கருவியைப் பொருத்திவிட்டால், எந்த மாடு எத்தனை மணிக்கு வந்தது, இன்று எது வரவே இல்லை என்று தெரிந்துவிடும். தினமும் ஒரு தடவை 'எல்லாம் இருக்கிறதா' என்று பார்ப்பதுதான் தேவை என்றால் அதுவே போதும், பட்டைக்குச் செலவழிக்க வேண்டாம்.

சாவிக்கொத்தில் மாட்டுகிற டேக் இருக்கிறதே, அதையே கழுத்தில் கட்டினால்?

அந்த டேக் ப்ளூடூத்தில் மெல்லக் குரல் கொடுக்கும். அக்கம்பக்கத்தில் போகிறவர்களின் போன்கள் அதைக் கேட்டு, தங்கள் இருப்பிடத்தை அதன் இருப்பிடமாக எழுதி அனுப்பும். ஜன நடமாட்டம் உள்ள தெருவில் அருமையாக வேலை செய்யும். மாடு மேயும் இடத்தில் யார் போனோடு நடக்கிறார்கள்? நேற்று மாலை நீங்களே பக்கத்தில் நின்றபோது பதிவான இடத்தைத்தான் இன்று காலையும் காட்டும். வரைபடத்தில் ஒரு புள்ளி தெரிவதால் ஏமாந்துபோகிறவர்கள் நிறைய. புள்ளியைப் பார்க்குமுன் அதன் நேரத்தைப் பாருங்கள். எந்தக் கருவியானாலும் இது பொருந்தும்.

லோரா, சிம் கார்டு, சாட்டிலைட் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதுதான் சரி?

மூன்று விஷயங்களை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: எத்தனை மீட்டர் துல்லியம், எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை, செய்தி எவ்வளவு சீக்கிரம் கைக்கு வர வேண்டும். இது தெரியாமல் கருவியைப் பற்றிப் பேசுவது வீண்.

மேய்ச்சல் நிலம் முழுக்க மொபைல் டவர் எடுக்கிறதென்றால் சிம் உள்ள பட்டை சுலபம். நீங்கள் எதையும் நட வேண்டாம். டவர் இல்லாத, ஆனால் ஒரு மேட்டிலிருந்து பார்த்தால் முழுவதும் கண்ணுக்குத் தெரியும் நிலமென்றால், குறைந்த பேட்டரியில் சின்னச் செய்திகளை வெகுதூரம் அனுப்பும் ரேடியோ முறையான லோரா நல்லது. கேட்வே எனப்படும் வாங்கிப் பெட்டி ஒன்றை மேட்டில் வைத்து அதற்கு இணையம் கொடுத்தால் நூற்றுக்கணக்கான பட்டைகள் அதோடு பேசும். இரண்டுமே ஆகாத மலைக்காடு என்றால் சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் பட்டை. செலவு கூடும், ஒரு நாளைக்குச் சில செய்திகளோடு திருப்திப்பட வேண்டியிருக்கும்.

ஒரு கேட்வே 15 கிலோமீட்டர் இழுக்கும் என்று போட்டிருக்கிறதே?

இழுக்கும், நடுவில் ஒன்றுமே இல்லாவிட்டால். விளம்பரத்தில் சோதித்தவர் கருவியைக் கம்பத்தில் வைத்திருப்பார். உங்களுடையது மாட்டின் கழுத்தில், தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. மாடு படுத்தால் இன்னும் கீழே. அதன் உடம்பு பெரும்பாலும் தண்ணீர், அலையை விழுங்கும். கேட்வேக்கு முதுகைக் காட்டிப் பள்ளத்தில் படுத்திருக்கும் மாடு, இரண்டு கிலோமீட்டரில்கூடக் காணாமல் போகலாம்.

வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். பட்டையைக் கையில் தொங்கவிட்டபடி, இடுப்பு உயரத்துக்கு மேலே தூக்காமல், நிலத்தின் மூலைமுடுக்கெல்லாம் நடங்கள். ஓடைப் பள்ளம், பாறை மறைவு, அடர்ந்த மரத்தடி எதையும் விடாதீர்கள். பிறகு எந்தெந்த இடத்திலிருந்து செய்தி வந்தது என்று பாருங்கள். சரிவராவிட்டால் இன்னொரு கேட்வே வாங்குவதற்கு முன்னால் இருப்பதை உயர்த்திப் பாருங்கள். உயரம் கொடுக்கும் பலனை வேறு எதுவும் கொடுப்பதில்லை.

இன்னொரு சூட்சுமம். தூரத்திலுள்ள பட்டை அதே செய்தியை மிக மெதுவாகச் சொல்லும். பக்கத்தில் பத்தில் ஒரு நொடிக்கும் குறைவாக முடிகிற செய்தி, எல்லையோரத்தில் ஒரு நொடிக்கும் மேல் இழுக்கும். அந்த அளவுக்குப் பேட்டரியும் போகும். தவிர, ஐரோப்பாவில் லோரா பேசும் அலைவரிசையின் பல பகுதிகளில் ஒரு கருவி மொத்த நேரத்தில் 1 சதவீதத்துக்கு மேல் பேசக் கூடாது என்று விதியே உண்டு. அலைவரிசையும் விதியும் நாட்டுக்கு நாடு மாறும். வேறு நாட்டுக்குச் செய்த பட்டையை வாங்கிவந்து மாட்டாதீர்கள்.

பேட்டரி எத்தனை நாள் வரும்?

இதற்குத்தான் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. நாமே போட்டுப் பார்ப்போம். ஜி.பி.எஸ். விழித்திருக்கும்போது 30 மில்லி ஆம்பியர் எடுக்கிறது, ஒவ்வொரு தடவையும் 30 நொடி விழிக்கிறது என்று வையுங்கள். ஒரு தடவைக்கு 0.25 மில்லி ஆம்பியர் மணி. மணிக்கு ஒரு தடவை என்றால் நாளைக்கு 6. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் 36. பேட்டரி 3,600 கொள்ளளவு என்றால் முன்னது 600 நாள், பின்னது 100 நாள். செய்தி அனுப்பும் செலவு இதில் சேரவில்லை.

அந்த 30 நொடி எங்கிருந்து வந்தது? ஒரு கோள் தன் பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒரு முறைதான் முழுதாகச் சொல்லி முடிக்கும். வெகுநேரம் தூங்கி எழுந்த கருவி அதைக் காத்திருந்து கேட்டாக வேண்டும். அந்த விவரம் சுமார் 4 மணி நேரத்துக்குச் செல்லும். ஆகவே சற்று முன்புதான் தூங்கிய கருவி, வெட்டவெளியில் 5 நொடிக்குள் இடத்தைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கலாம். அப்போது மேலே சொன்ன 36 என்பது 6 ஆகிவிடும். மாறாக, அடர்ந்த மரத்தடியில் கோள் கிடைக்காமல் ஒன்றரை நிமிடம் தேடினால் மூன்று மடங்கு செலவு. ஒரே பெட்டியில் வந்த இரண்டு பட்டைகளில் ஒன்று சீக்கிரம் செத்துப்போனால் பட்டையைக் குறை சொல்லுமுன், அந்த மாடு எங்கே படுத்துப் பழகியது என்று பாருங்கள்.

நல்ல பட்டைகளில் அசைவை உணரும் சென்சார் இருக்கும். மாடு படுத்து அசைபோடும்போது ஜி.பி.எஸ்ஸைத் தூங்கவிட்டு, எழுந்து நடந்தால் மட்டும் எழுப்பும். பேட்டரியை மிச்சம் பிடிக்க இதைவிட நல்ல உபாயம் இல்லை.

சோலார் பட்டை வாங்கினால் இந்தக் கவலையே இல்லையே?

வெயிலில் மேயும் மாட்டுக்குச் சரி. நாள் முழுக்க நிழலில் நிற்பதற்கும், சேற்றில் புரள்வதற்கும், மயிர் அடர்ந்த ஆட்டுக்கும் அந்த வாக்குறுதியைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டை அவ்வப்போது ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

மாடு படுத்துக் கிடக்கிறது, வரைபடத்தில் மட்டும் அங்கும் இங்கும் நடக்கிறது. கருவி பழுதா?

பழுதில்லை. திறந்த வெளியில் சாதாரண ஜி.பி.எஸ். 3 முதல் 5 மீட்டர் வரை பிசகும். ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம் பிசகாது; கிழக்கே கொஞ்சம், அடுத்து தெற்கே கொஞ்சம். அந்தப் புள்ளிகளைச் செயலி கோடு போட்டு இணைத்துவிடுவதால் மாடு உலாத்துவதுபோல் தெரிகிறது. பாறைச் சுவர், தகரக் கூரை, ஈரமான இலைகள் அருகே அலை எதிரொலித்து வரும்போது பிசகு இன்னும் பெருகும்.

இன்றைக்கு என் ஆடு எத்தனை கிலோமீட்டர் நடந்தது என்று செயலி சொல்கிறது. நம்பலாமா?

முந்தைய பதிலை இதோடு சேர்த்துப் படியுங்கள். எட்டு மணி நேரம் படுத்தே இருந்த ஆட்டுக்கு நிமிடத்துக்கு ஒரு புள்ளி எடுத்தால் 480 புள்ளிகள். ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து 2 மீட்டர் தள்ளி விழுந்தாலே, எழுந்திருக்காத ஆடு 960 மீட்டர் நடந்ததாகக் கணக்கு வரும்.

புள்ளிகளைக் குறைத்தால் எதிர்ப்பக்கம் தவறும். மணிக்கு ஒரு புள்ளி எடுக்கும் பட்டையோடு ஓடைக்குப் போய்த் தண்ணீர் குடித்து, முக்கால் மணியில் அதே இடத்துக்குத் திரும்பிவிட்ட ஆடு, செயலியின் பார்வையில் நகரவே இல்லை. வேறு வேறு இடைவெளியில் எடுத்த இரண்டு கணக்குகளை ஒப்பிடவே கூடாது. ஒரே ஆட்டின் நேற்றையும் இன்றையும் ஒரே இடைவெளியில் ஒப்பிட்டால் அர்த்தம் உண்டு. நான் அந்தக் கிலோமீட்டர் எண்ணை அதற்கு மேல் மதிப்பதில்லை.

கொட்டகைக்குள் எந்த மூலையில் நிற்கிறது என்று தெரியுமா?

ஜி.பி.எஸ்ஸால் தெரியாது, கூரை மறைத்துவிடும். உள்ளே இரண்டு வழி. ஒன்று, தூண்களின் உச்சியில் ப்ளூடூத் பெட்டிகளைப் பொருத்தி, எதற்கு எவ்வளவு பலமாகச் சிக்னல் கேட்கிறது என்று பார்ப்பது. 'தீவனத் தொட்டிப் பக்கமா, படுக்கும் பக்கமா' என்ற அளவுக்குத் தெரியும். நடுவே இன்னொரு மாடு வந்து நின்றால் பலம் சட்டென்று குறைந்து, தூரம் கூடியதாகக் காட்டும்.

மற்றது யூ.டபிள்யூ.பி. எனும் அகலப்பட்டை அலை. இது பலத்தைப் பார்ப்பதில்லை, அலை போய்வரும் நேரத்தை அளக்கிறது. ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகும். அந்த அளவுக்கு நேரத்தைப் பிரித்தறிய முடிவதால் மறைப்பில்லாத இடத்தில் ஒரு முழத்துக்குள் சொல்லிவிடும். நிறையப் பெட்டிகள் வேண்டும், பேட்டரியும் அதிகம் குடிக்கும். எந்த மாடு எந்தப் படுக்கையில் எவ்வளவு நேரம் கிடந்தது என்று ஆராய்கிறவர்களுக்கு ஏற்றது. மற்றவர்களுக்கு ப்ளூடூத் தாராளம்.

எல்லை தாண்டினால் போன் அடிக்கும் என்றார்கள். ராத்திரியில் பத்துத் தடவை அடிக்கிறது, போய்ப் பார்த்தால் மாடு உள்ளேயே இருக்கிறது.

வேலியை ஒட்டிப் படுத்திருக்கும். 5 மீட்டர் பிசகு அதை வேலிக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போடுகிறது. செயலியில் கோட்டை நிஜ வேலியிலிருந்து 15, 20 மீட்டர் வெளியே தள்ளி வரையுங்கள். அடுத்தடுத்து இரண்டு புள்ளிகள் வெளியே இருந்தால் மட்டும் அடிக்கும்படி வையுங்கள்.

அதற்கு ஒரு விலை உண்டு. 15 நிமிட இடைவெளியில் இரண்டு புள்ளிக்குக் காத்திருந்தால், செய்தி வருவதற்குள் அரை மணி ஆகிவிடலாம். மணிக்கு 4 கிலோமீட்டர் நடக்கிற மாடு 2 கிலோமீட்டர் தாண்டியிருக்கும். முதல் புள்ளி வெளியே விழுந்ததுமே இடைவெளியை ஒரு நிமிடமாகச் சுருக்கிக்கொள்ளும் பட்டைகள் கிடைக்கின்றன. அதையே கேட்டு வாங்குங்கள்.

வேலியே வேண்டாம், பட்டையே மாட்டைத் திருப்பிவிடும் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். நார்வேயின் நோஃபென்ஸ், நியூசிலாந்தின் ஹால்டர் போன்ற நிறுவனங்களின் பட்டைகள் இந்த வேலையைச் செய்கின்றன. போனில் வரைந்த கோட்டை நெருங்கும்போது பட்டை ஒலி எழுப்பும். மீறிப் போனால் மின்வேலியைவிட மிகக் குறைந்த சக்தியில் ஒரு சுருக். ஒலி கேட்டால் திரும்பிவிட வேண்டும் என்று பெரும்பாலான மாடுகள் சில நாளில் கற்றுக்கொள்கின்றன. கற்காதவையும் ஓரிரண்டு இருக்கும்; அவற்றைத் திரும்பத் திரும்பச் சுருக்கென்று தண்டிக்காமல் பழைய வேலிக்குள் விட்டுவிடுவதே முறை.

மிரண்டு ஓடும் மந்தையை எந்த ஒலியும் நிறுத்தாது. ஆகவே நெடுஞ்சாலை, ரயில் பாதை ஓரத்தில் இதை மட்டும் நம்பக் கூடாது. விலங்குநலச் சட்டம் இதை அனுமதிக்கிறதா என்பதும் நாட்டுக்கு நாடு வேறுபடும்.

கழுத்தா, காதா, காலா? எங்கே மாட்டுவது?

இருப்பிடத்துக்குக் கழுத்துதான் நல்லது. கருவி கழுத்தின் மேற்புறம் வானம் பார்த்து இருக்க வேண்டும்; அது கீழே சுழன்று வராமல் இருக்கப் பட்டையின் அடியில் ஒரு எடை தொங்கும். காதில் போடுவது எடை குறைவாக இருக்க வேண்டும், அதனால் பேட்டரியும் சின்னது. கனமானதைக் குத்தினால் காது கிழியும். கால் பட்டை அடிகளை எண்ணவும், படுப்பதையும் எழுவதையும் கவனிக்கவும் உதவும். வானம் தெரியாத இடத்தில் ஜி.பி.எஸ். வைத்துப் பலனில்லை. விழுங்கவைக்கும் குளிகை வயிற்றுச் சூட்டைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது.

பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே கை விரல்கள் தட்டையாக நுழைய வேண்டும். அதைவிடத் தளர்ந்தால் முன்னங்கால் மாட்டிக்கொள்ளும். வாரம் ஒரு முறை விரலைப் பட்டைக்கு அடியில் விட்டு ஒரு சுற்று தடவிப் பாருங்கள். மயிர் தேய்ந்து வழுவழுப்பு, ஈரப் பிசுபிசுப்பு, வாடை, தொட்டதும் மாடு தலையை உதறுவது, இதில் எது இருந்தாலும் அன்றே கழற்றிவிடுங்கள். வளரும் கன்றுக்கு மாட்டிவிட்டு மறந்துபோனால் பட்டை கழுத்துக்குள் புதைந்துவிடும். புதரில் மேயும் ஆட்டுக்கு, பலமாக இழுத்தால் அறுந்துவிடும் இணைப்புள்ள பட்டை கட்டாயம்.

எல்லாவற்றுக்கும் மாட்ட வேண்டுமா? முன்னே போகிற ஒன்றுக்குப் போதாதா?

மந்தை எங்கே மேய்கிறது என்பதற்கு இரண்டு மூன்று போதும். மந்தை பிரிந்தால் பிரிந்த பாதி தெரியாது. காணாமல் போவதும் நோயில் பின்தங்குவதும் முன்னே போகிற மாடு அல்ல, கடைசியில் வருவதுதான்.

நடுவழி ஒன்று இருக்கிறது. சிலவற்றுக்கு ஜி.பி.எஸ். பட்டை, மற்றவற்றுக்குச் சின்ன ப்ளூடூத் வில்லை. பட்டைகள் தங்களைச் சுற்றி எந்தெந்த வில்லையின் குரல் கேட்கிறது என்று சேர்த்து அனுப்பும். இன்று ஒரு பட்டைக்கும் கேட்காத வில்லை எது என்று பார்த்தால் தேட வேண்டியது தெரிந்துவிடும்.

திருடன் பட்டையை அறுத்துப் போட்டுவிட்டால்?

அறுப்பான். பட்டைக்குள் மெல்லிய கம்பி ஓடும் வகைகளில், அறுந்த நொடியே செய்தி வரும். இல்லாவிட்டாலும் கழுத்து அசைவு திடீரென முழுதாக நின்றுபோவது தனியாகத் தெரியும். தூங்கும் மாடுகூடக் காதை ஆட்டும், அசைபோடும். மாடு நடக்க முடியாத வேகத்தில் புள்ளி நகர்ந்தால் அது வண்டியில் இருக்கிறது. இரும்புப் பெட்டி வண்டிக்குள் ஏற்றிவிட்டால் சிக்னல் அறுந்துபோகும். கடைசிப் புள்ளியும் அதன் நேரமும்தான் மிச்சம். இடைவெளி குறைவாக இருந்தால் அந்தப் புள்ளி சாலையில் இருக்கும். நீளமாக இருந்தால் உங்கள் நிலத்திலேயே இருக்கும், எதற்கும் உதவாது.

ரெண்டு நாளாகச் செய்தியே வரவில்லை. மாடு செத்துவிட்டதா?

செத்த மாட்டின் பட்டை பேசிக்கொண்டேதான் இருக்கும். அசைவு இல்லை, இடம் மாறவில்லை என்று ஒழுங்காகச் செய்தி வரும். அப்படி வந்தால் உடனே கிளம்புங்கள். மாடு விழுந்திருக்கலாம், அல்லது பட்டை மட்டும் கழன்று கிடக்கலாம். செய்தியே வரவில்லை என்றால் பேட்டரி, பள்ளம், உடைந்த ஆன்டெனா, கேட்வேக்கு மின்சாரம் போனது என்று காரணம் வேறு. எல்லாப் பட்டையும் ஒரே நேரத்தில் மௌனமாகியிருந்தால் கேட்வேயைப் பாருங்கள். ஒன்று மட்டும் என்றால் அதன் கடைசி பேட்டரி அளவைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் கடைசிப் புள்ளிக்கு நடக்க வேண்டியதுதான்.

ரேடியோ அலையால் பால் குறையுமா, சினை கலையுமா?

லோரா பட்டை சாதாரணமாக 25 மில்லிவாட் அளவில், செய்தி அனுப்பும் அந்தச் சில கணம் மட்டும் அலை வீசுகிறது. உங்கள் காதில் வைத்துப் பேசும் போன் அதைவிட அதிக பலத்தில் வீசக்கூடியது. ஜி.பி.எஸ். எதையும் வீசுவதே இல்லை, கேட்க மட்டும் செய்கிறது. கெடுதல் வருமானால் அது அலையால் வராது. இறுகிய பட்டையால் வரும்.

இருப்பிடத்தை வைத்தே சினைப் பருவமும் நோயும் கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்களே?

இருப்பிடம் மட்டும் போதாது. பசு சுமார் 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும்போது அலைச்சல் கூடும், அசைபோடுவது குறையும். ஒரு நாளில் 6 முதல் 9 மணி நேரம் அசைபோட வேண்டிய மாடு அதில் பாதிக்கு இறங்கினால் ஏதோ சரியில்லை. இதையெல்லாம் பிடிப்பது அசைவு சென்சார். இருப்பிடம் துணைச் சாட்சி: ஈனப்போகிற பசு மந்தையை விட்டு ஒதுங்குவது, வழக்கமாகத் தண்ணீருக்கு வருவது வராமல் போவது.

அந்தந்த மாட்டின் பழக்கத்தைக் கருவி சில வாரம் பார்த்துப் பதிய வேண்டும். மாட்டிய மறுநாளே வரும் எச்சரிக்கைக்கு மதிப்பில்லை. மருத்துவரிடம் 'நேற்று மதியத்திலிருந்து அசைபோடுவது குறைந்திருக்கிறது' என்று சொல்லுங்கள். என்ன நோய் என்பதை அவர் சொல்லட்டும்.

கம்பெனி மூடிவிட்டால் பட்டை என்ன ஆகும்? என் தகவல் யாரிடம் இருக்கும்?

பெரும்பாலான பட்டைகள் நிறுவனத்தின் சர்வர் வழியாகத்தான் பேசுகின்றன. சர்வர் நின்றால் பட்டை வெறும் பட்டை. லோராவில் பொதுத் தரத்தைப் பின்பற்றும் கருவியாக இருந்து, அதன் சாவி எண்களும் உங்கள் கையில் இருந்தால் வேறு சர்வருக்கு மாற்றிக்கொள்ளலாம். சிம் பட்டை 2ஜியை மட்டும் நம்பியதென்றால் வேண்டாம். பல நாடுகளில் 2ஜியை மூடிவிட்டார்கள், இன்னும் மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் மந்தை எத்தனை, ராத்திரி எங்கே படுக்கிறது, எந்த நேரத்தில் ஆளில்லை என்பதெல்லாம் அந்தத் தகவலில் இருக்கிறது. வேலைக்கு வந்து போனவர் போனில் இன்னும் செயலி திறக்கிறதா என்று பார்த்து, திறந்தால் கடவுச்சொல்லை மாற்றுங்கள். நிறுவனத்திடம் பணம் கொடுக்குமுன் மூன்றைக் கேளுங்கள்: பழைய பதிவுகளை நானே இறக்கிக்கொள்ளலாமா, சந்தாவை நிறுத்தினால் பதிவுகளை அழிப்பீர்களா, பேட்டரியை நானே மாற்ற முடியுமா. வாயால் சொல்வதை விட்டுவிட்டு, எழுதிக் கேளுங்கள்.